நாய் காலை இழுத்துக்கொள்வது ஏன்?

திருக்கடையூர் சன்னதித் தெருவில் நாளெல்லாம் திரிகிற நாய்களுக்கு யாரும் நகம் வெட்டிவிடுவதில்லை. தார்ச்சாலையிலும் சிமெண்டுத் தெருவிலும் ஓடியே அவற்றின் நகம் தேய்ந்துவிடுகிறது. அதே ஊரில் கேட்டுக்குள் சங்கிலியில் கிடக்கிற வீட்டு நாய் எழுந்து நடந்தால், டைல்ஸ் தரையில் டக் டக்கென்று சத்தம் கேட்கும். கொல்லைப் பக்கம் அவிழ்த்துவிட்டாலும் அங்கே இருப்பது காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல். ஐப்பசி, கார்த்திகையில் சேறு, மற்ற நாட்களில் மெல்லிய புழுதி. நகத்தை அராவுகிற கரகரப்பு அதில் குறைவு. இப்படி வளர்ந்த நகத்தை வெட்டலாம் என்று கையை நீட்டினால் நாய் காலை இழுத்துக்கொள்ளும், உறுமும், கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும். உடனே வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் கூடிப் பிடிப்பார்கள்: ஒருவர் தலை, ஒருவர் இடுப்பு, ஒருவர் வாய். அந்தப் பிடிதான் அடுத்த முறை நாயை இன்னும் முரடாக்குகிறது என்பதும், அதன் சம்மதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்து வெட்டுவதே கடைசியில் குறைந்த பாடு என்பதும் என் கருத்து.

நாய்க்கு நகம் வளரத்தானே செய்யும், அதனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நாய் உள்ளங்காலை ஊன்றி நடப்பதில்லை, விரல்களை ஊன்றி நடக்கிறது. விரலுக்கு அடியில் இருக்கிற மெத்தைதான் உடல் எடையைத் தாங்க வேண்டும். நகம் நீண்டு தரையில் முட்டினால், ஒவ்வோர் அடியிலும் அது விரலை மேலே நெட்டும். விரல்கள் அகலும், நாய் எடையைப் பின்னால் சாய்த்து நிற்கப் பழகிவிடும். மெத்தை சரியாகப் படியாததால் வழவழப்பான தரையில் கால் சறுக்கும். மூட்டுவலி உள்ள வயசான நாய்க்கு இது பெரிய அவதி. நீண்ட நகம் சாக்கிலோ கம்பி வேலியிலோ மாட்டிப் பிளந்துகொள்வதும் உண்டு. எல்லாவற்றையும்விட மோசமானது, முன்னங்காலின் உள்பக்கம் சற்று உயரத்தில் இருக்கிற கட்டைவிரல் நகம். நிற்கும்போது அது தரையில் படுவதே இல்லை, அதனால் மற்ற நகங்களைப்போல் தேயாது. கவனிக்காமல் விட்டால் கொக்கியாக வளைந்து, சதைக்குள்ளேயே திரும்பிக் குத்திச் சீழ் பிடிக்கும். முடி அடர்ந்த பொமரேனியன் மாதிரி நாய்களில் இது கண்ணில் படவே படாது.

சரி, நாய் ஏன் இதை இவ்வளவு வெறுக்கிறது? நகத்துக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகிற நகக்கண் இருக்கிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. நகத்தை வெட்டாமல் விட்டால் நகக்கண்ணும் கூடவே முன்னுக்கு நீளும். ஆகவே நெடுநாள் கழித்து ஒரேயடியாகக் குட்டையாக்கிவிடலாம் என்று வெட்டுகிறவர், பெரும்பாலும் உயிருள்ள இடத்தில்தான் வெட்டுவார். மனிதருக்கான நகவெட்டியும் மழுங்கிய கத்தரியும் வேறு விதத்தில் வலி தரும். நாயின் நகம் உருண்டையானது. தட்டையான அலகு அதை வெட்டுவதற்கு முன் நசுக்குகிறது. ஒரு முறை வலித்துவிட்டால் வலி மட்டும் நினைவில் தங்குவதில்லை. நகவெட்டி இருந்த டிராயரைத் திறக்கிற ஓசை, உட்காரவைத்த மூலை, பிடித்தவரின் கை, எல்லாம் சேர்ந்தே பதிந்துவிடுகின்றன. பார்க்கிறவர்களுக்கு அடம்போலத் தெரிவது உண்மையில் பயம். அதட்டினால் பயம் வளரத்தான் செய்யும்.

பயத்தைக் கரைக்க முடியும் என்பதற்கு நூறாண்டுப் பழமையான சான்று இருக்கிறது. முயலைக் கண்டால் நடுங்குகிற, சுமார் மூன்று வயசுள்ள பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் எழுதினார். பையன் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது, அவன் சாப்பாட்டை விடாத அளவு தூரத்தில் முயலைக் கொண்டுவந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல அருகில். முடிவில் அவனே முயலைத் தடவினான். ஓசைக்கும் உணவுக்கும் நாய் முடிச்சுப் போட்டுக்கொள்வதை ரஷ்யாவில் பாவ்லவ் அதற்கு முன்பே காட்டியிருந்தார். இன்று வெளிநாட்டு விலங்குக் காட்சிசாலைகள் பலவற்றில், யானைகள் கம்பித் தடுப்புக்கு அப்பாலிருந்து தாமாகவே பாதத்தை நீட்டி நகம் அராவிக்கொள்ளப் பழக்கப்படுகின்றன. தடுப்புக்கு வெளியே நிற்கிற மனிதரால் யானையை அமுக்கிப் பிடிக்க முடியாது. அது விரும்பிக் காலை நீட்டினால்தான் வேலை நடக்கும்.

வீட்டில் செய்கிற விதமும் இதுவேதான். முதல் நாள், நகவெட்டியை வெளியே எடுக்க வேண்டும். நாய் அதைப் பார்த்த பிறகு ஒரு துண்டு தின்னக் கொடுக்க வேண்டும். நகவெட்டியை உள்ளே வைத்துவிட வேண்டும். அன்றைக்கு அவ்வளவுதான். வரிசை மாறக் கூடாது. உணவை முதலில் காட்டி ஏமாற்றிப் பிடித்தால், நாய் உணவையே சந்தேகிக்கத் தொடங்கும். டீக்கடைப் பொறை இதற்குப் போதாது. வேகவைத்த கோழி, முட்டை, முள் எடுத்த மீன் என்று மற்ற நேரத்தில் கிடைக்காத ஒன்று வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் தோளிலிருந்து பாதம்வரை கையை இறக்குவது, ஒரு விரலை ஒரு நொடி பிடிப்பது, அலகை நகத்தின்மேல் வைத்து எடுப்பது என்று போகலாம். வெட்டுகிற சத்தத்துக்குப் பழக்க, பக்கத்தில் ஓர் ஈர்க்குச்சியை நறுக்கிக் காட்டலாம். அதன் பிறகு நாளுக்கு ஒரே ஒரு நகம். இதற்கு நாயின் முகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு விழியின் வெள்ளை தெரியப் பார்ப்பது, ஆசையாய்த் தின்றதை வேண்டாம் என்று விடுவது இவையெல்லாம் உறுமலுக்கு முன்னால் வருகிறவை. கண்டவுடன் ஒரு படி பின்வாங்க வேண்டும். நேரமும் முக்கியம். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் ஓயாமல் நடக்கிற திருக்கடையூரில் காலையிலேயே மேளச் சத்தம் தொடங்கிவிடும். அதற்கே மிரளுகிற நாயிடம் அந்த நேரத்தில் நகவெட்டியோடு போகக் கூடாது.

வெட்டும்போது நுனியைக் கடுகளவு கடுகளவாகச் சீவ வேண்டும். கறுப்பு நகமாக இருந்தால் ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் வெட்டிய முகத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. முதலில் வெளுத்து, உலர்ந்து, பொரிந்தாற்போல் இருக்கும். இன்னும் சற்று உள்ளே போனால் நட்டநடுவில் சாம்பல் நிறத்திலோ கருமையாகவோ ஈரப்பசையோடு ஒரு புள்ளி தோன்றும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு அடுத்தது நகக்கண். வாரம் ஒரு முறை இப்படி நுனியை எடுத்துவந்தால் நகக்கண் தானே பின்னுக்குப் போகும், நகமும் குட்டையாகும். தப்பித் தவறி ரத்தம் வந்தால் சோளமாவையோ மைதாவையோ அப்பிச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். சலூனில் தேய்க்கிற படிகாரமும் ரத்தத்தை நிறுத்தும், ஆனால் எரியும். ஏற்கெனவே பயந்திருக்கிற நாய்க்கு அந்த எரிச்சல் வேறு வேண்டாம்.

பத்து நிமிஷ வேலைக்கு இத்தனை வாரமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. நடவும் அறுப்புமாக ஓடுகிற வீட்டில் யாருக்கும் பொழுது மிச்சம் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு மூன்று ஆள் வேண்டும், அடுத்த முறை நான்கு ஆள். நாயின் ஆயுள் முழுக்க நகம் வளர்கிறது. கணக்கை ஆயுள் முழுக்கப் போட்டால், ஒருவரே தனியாக உட்கார்ந்து வெட்டக்கூடிய நாய்தான் வீட்டுக்கு லாபம். அமுக்கினால் சில நாய்கள் அடங்கிப் போகின்றனவே என்றும் சொல்வார்கள். அசையாமல் கிடக்கிற நாயின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். விறைத்திருக்கும், வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும். திமிற வழியில்லாமல் உறைந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் அது முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கக்கூடும். வெள்ளி, செவ்வாயில் நகம் வெட்டக் கூடாது, விளக்கு வைத்த பிறகு கூடவே கூடாது என்று பாட்டிகள் தடுப்பதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. மற்ற நாட்கள் தாராளமாகப் போதும். நகக்கண் நன்றாகத் தெரிவதும் பகல் வெளிச்சத்தில்தான்.

கடியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. தடுப்பூசி போட்ட நம் வீட்டு நாய்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. பல் பட்டாலோ நகம் கீறினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். கடிக்கும் என்று தெரிந்த நாய்க்கு வாய்மூடி போடலாம், ஆனால் அது வாயைத் திறந்து மூச்சு வாங்க இடம் தருகிற கூடை வடிவமாக இருக்க வேண்டும். இளைத்துத்தான் நாய் உடல் சூட்டைத் தணிக்கிறது; சித்திரை வெயிலில் துணியால் வாயை இறுக்கிக் கட்டினால் உயிருக்கே ஆபத்து.

நகம் வளர்ந்து கிடப்பதற்குக் காரணம் பல வீடுகளில் சங்கிலிதான். எப்போதும் கட்டியே வைத்திருக்கிற நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் இருப்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே சொல்கிறது. காலையும் மாலையும் சிமெண்டுச் சாலையில் அழைத்துப்போனால் நகத்தில் பாதி வேலை முடிந்துவிடும். பலகையில் உப்புத்தாள் ஒட்டி, அதைப் பிராண்டினால் தின்னக் கிடைக்கும் என்று பழக்கினால், முன்னங்கால் நகங்களை நாயே தேய்த்துக்கொள்ளும். கட்டைவிரல் நகத்துக்கு மட்டும் நாம்தான் உதவ வேண்டும். நகம் சதைக்குள் குத்திவிட்டாலோ, சீழ் வைத்தாலோ, நாய் நொண்டினாலோ இந்த மெதுவான பழக்கம் எதுவும் பொருந்தாது. அன்றைக்கே அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போக வேண்டும். மயக்க ஊசி தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் போட்டுக்கொள்கிற தூக்க மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கிற வேலை ஒருபோதும் கூடாது. புண் ஆறிய பிறகு, நகவெட்டியைக் காட்டுகிற முதல் படியிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். வலித்த கால் மற்ற மூன்று கால்களைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும்.