கட்டியக்காரன் சொன்ன தேதி

செஞ்சியில் ரசிகர்கள் என்றால் பெரும்பாலும் மூன்று விஷயத்துக்குத்தான். கூத்து, விளையாட்டு, கட்சி. இந்த மூன்றுக்கும் தனித்தனி ஆட்கள் கிடையாது. திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் விடிய விடியக் கண் விழிக்கிறவர்தான் அடுத்த வாரம் மின்னொளி கபடிக்கு முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடிப்பார். பொதுக்கூட்டம் எந்தக் கட்சியுடையது என்று பார்க்காமல், நல்ல பேச்சாளர் வருகிறாரா என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போய் நிற்பவரும் அவரே.

இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது ஒரு தொழில். மைக் செட்.

கூத்துக்கும் அவர்தான் குழாய் கட்டுவார், கபடிக்கும் அவர்தான், கூட்டத்துக்கும் அவர்தான். 80களிலும் 90களிலும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டரும் இருக்கும். பாட்டுப் போடுவதற்காக வைத்தது. சில பேர் அதில் ஒயர் சொருகி, மைக்கில் வருவதை அப்படியே பதிவு செய்யவும் ஆரம்பித்தார்கள். யாரும் கேட்கவில்லை, காசும் கிடையாது. ஆசைதான்.

அப்படிப்பட்ட கேசட்டுகளைத்தான் சில வருஷமாகச் சேர்த்துக்கொண்டு இருக்கிறேன். அதில் ஒரு கேசட்டின் தேதியைக் கண்டுபிடித்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் வெளியூர் போய் வரலாம்.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்று ஒரு இசைக்குழு. 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. ஒரே பாட்டை இரண்டு நாள் ஒரே மாதிரி வாசிக்க மாட்டார்கள். இன்றைக்கு 7 நிமிஷம் வாசித்ததை நாளைக்கு 20 நிமிஷம் இழுப்பார்கள். அதனால் ரசிகர்களுக்கு அவர்களுடைய இசைத்தட்டைவிட மேடைப் பதிவுதான் பெரிது. மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து பதிவு செய்தவர்களை அந்தக் குழு துரத்தவில்லை. 1984இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் எழுதாத சட்டம். அந்த ரசிகர்கள் பாட்டின் பெயரைக் கேட்பதில்லை, தேதியைக் கேட்பார்கள். 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகம் என்றால் போதும், கண் விரியும்.

அங்கேயும் இசை, விளையாட்டு, அரசியல் எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் வந்தன. சோவியத்திலிருந்து பிரிந்து வந்த லிதுவேனியாவின் கூடைப்பந்து அணி 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குப் போகப் பணமில்லாமல் தவித்தபோது இந்தக் குழு உதவியது. கலர் கலராகச் சாயம் பிழிந்த பனியன்களும் அணிக்கு வந்து சேர்ந்தன. அந்த அணி முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணியைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கி, அதே பனியனைப் போட்டுக்கொண்டு மேடை ஏறியது. ஒரு பனியனுக்குள் மூன்று வெறியும் அடங்கியது உலகத்தில் அங்கே ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

சரி, செஞ்சிக்கு வருவோம்.

ராஜகிரிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு தேசிங்கு ராஜன் தெரியும். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபிறகு கூட்டம் இன்னும் வருகிறது. ஆனால் கோட்டைக்கு அந்தப் பக்கம் மேலச்சேரியில் இருக்கிற திரௌபதி கோயிலைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு. பழைய செஞ்சி என்பது அதுதான். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் எழுதிய பெரிய புத்தகத்தின் துணைத்தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று ஊர் பெயரைப் போட்டார். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி என்று திருவிழா நாள்கணக்கில் ஓடும்.

கூத்தும் அந்த அமெரிக்கக் குழு மாதிரிதான். கர்ண மோட்சம் என்றால் கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டும் ஓரளவு நிலையானது. ஆனால் ராத்திரி 10 மணியிலிருந்து விடிகிற வரைக்கும் இழுக்க வேண்டும். இடையில் இருக்கிற இடத்தை நிரப்புகிறவன் கட்டியக்காரன். ராஜாவுக்குச் சேவகனும் அவனே, ராஜாவைக் கிண்டல் அடிக்கிறவனும் அவனே. மகாபாரதத்தில் நின்றுகொண்டே ரேஷன் கடைக்குப் போவான், ஊர்த் தலைவரை வம்புக்கு இழுப்பான். எந்த ஊர், எந்த வருஷம், யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அன்றன்றைக்கு அப்போதே பிறக்கிற பேச்சு அது.

கேசட்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 90 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். 8 மணி நேரக் கூத்துக்கு ஆறு கேசட் வேண்டும், முக்கால் மணிக்கு ஒரு தடவை யாராவது எழுந்து திருப்பிப் போட வேண்டும். பதிவு செய்கிறவரும் மனுஷன்தானே. 2 மணிக்கு அசந்துவிடுவார். அதனால் என்னிடம் இருக்கிற பதிவுகளில் முதல் மூன்று மணி நேரமும் விடியற்காலையும் இருக்கும், நடுவில் ஓட்டை. கர்ணன் தேர் ஏறுவான். அடுத்த பக்கம் போட்டால் செத்துக்கொண்டிருப்பான்.

இன்னொன்று. ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராக எடுத்த பதிவில் நடிகரின் குரல் கணீரென்று இருக்கும், முகவீணை எங்கோ கிணற்றுக்குள் கேட்கும், கூட்டம் இருக்கவே இருக்காது. கீழே உட்கார்ந்து மடியில் டேப் ரெக்கார்டரை வைத்து எடுத்ததில் இரைச்சல் அதிகம், குழந்தை அழும், யாரோ பீடி கேட்பார். ஆனால் எந்த வசனத்துக்குச் சிரித்தார்கள், எதற்குச் சிரிக்கவில்லை என்பது அதில்தான் தெரியும். என்னைக் கேட்டால் இரண்டாவதுக்குத்தான் என் ஓட்டு.

நான் சொல்ல வந்த கேசட் அந்த இரண்டாவது ரகம். உறையில் பென்சிலால் கர்ண மோட்சம் என்று மட்டும் இருந்தது. இந்தப் பக்கங்களில் கர்ண மோட்சத்தைக் கருமாதிக்கும் வைப்பார்கள், திருவிழாவுக்கும் வைப்பார்கள். அம்மன் பேரைச் சொல்லி அன்பளிப்பு அறிவிப்பது நடுவில் கேட்கிறது, ஆகத் திருவிழாதான். வருஷம்?

கட்டியக்காரன் தன் ஊர் விலாசம் சொல்கிறான். விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்று மூச்சுப் பிடித்து முழுப்பெயரையும் சொல்லிவிட்டு, கவரில் எழுத இடம் இல்லை என்கிறான். தென்னாற்காட்டைப் பிரித்து இந்த மாவட்டம் வந்தது 1993 செப்டம்பர் 30. தலைவர்கள் பெயரை மாவட்டங்களிலிருந்து எடுத்தது 1997. ஆக, நாலு வருஷத்துக்குள் வந்துவிட்டோம்.

அடுத்தது, கௌரவர் படையின் நிலைமையைச் சொல்கிற இடம். சச்சின் போனதும் எல்லோரும் வரிசையாகப் போனது மாதிரி, அப்புறம் பாட்டில் வீசியது மாதிரி என்கிறான். கூட்டம் சிரிப்பதை நிறுத்தவே இல்லை. இது 1996 மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் அரையிறுதி. இலங்கை 251. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98இல் இருந்தது, சச்சின் ஸ்டம்பிங், பிறகு 120க்கு 8. ரசிகர்கள் பாட்டில் வீசி, நெருப்பு வைத்து, ஆட்டமே நின்று இலங்கைக்கு வெற்றி கொடுத்தார்கள். கூத்து பார்க்க வந்த கூட்டத்துக்கு அது ஆறாத புண் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிகிறது.

மூன்றாவதுதான் அருமை. கர்ணனின் தேர்ச் சக்கரம் மண்ணில் புதைகிறது. கட்டியக்காரன் ஓடி வந்து, இதுக்குத்தான் மகாராஜா சைக்கிள்ல போங்கன்னு சொன்னேன் என்கிறான். விசில். 1996 மார்ச் கடைசியில் மூப்பனார் காங்கிரஸை விட்டு வெளியே வந்து தமிழ் மாநில காங்கிரஸ் தொடங்கினார், சின்னம் சைக்கிள். அண்ணாமலை படத்தில் ரஜினி ஓட்டிய சைக்கிள் வேறு எல்லோர் மனதிலும் இருந்த நேரம். அடுத்த வசனத்தில் ஓட்டுப் போடப் போகும்போது பார்த்துக்கலாம் என்கிறான். போடப் போகும்போது, போட்டபோது இல்லை. வாக்குப்பதிவு மே தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. ஆக இந்த ராத்திரி 1996 ஏப்ரலை ஒட்டியது.

கர்ணனின் பாட்டு எனக்கு ஒரு தேதியும் சொல்லவில்லை. அது எந்த வருஷமும் இருக்கும். ஒரு கபடி ரசிகனுக்கும் கட்சிக்காரனுக்கும் சேர்த்து வாய்க்கு வந்ததைச் சொன்ன பேச்சுதான் காலத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

என் கவலையும் இங்கேதான். மைக் செட் கடைகள் பென்டிரைவுக்கு மாறியபோது கேசட்டுகள் எடைக்குப் போயின. மிஞ்சியதில் பூஞ்சை. நாடாவை அழுத்திப் பிடிக்கிற பஞ்சு உதிர்ந்துவிடுகிறது, பழைய பிளேயரின் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டுகிறது. இதெல்லாம் கையால் சரி செய்யக்கூடியவை. பூஞ்சை பிடித்ததைத் தனியாக ஒரு பிளேயரில்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கேசட்டுக்கும் பரவும். சரி செய்ய முடியாதது வேறு. கணினிக்கு மாற்றுகிறவர்கள் பாட்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, தேவையில்லாத பேச்சு என்று கட்டியக்காரனை நீக்கிவிடுகிறார்கள். நாலு நிமிஷத் துண்டாக அழகாக இருக்கிறது. எந்த ஊர், எந்த ராத்திரி என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பேச்சையும் சேர்த்து எல்லோருக்கும் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அந்த அமெரிக்கக் குழு அனுமதி கொடுத்தது. இங்கே கூத்துக்காரரை யாரும் கேட்டதே இல்லை. ஒரு ராத்திரிச் சம்பளத்துக்கு ஆடினார், அதோடு முடிந்தது என்று இருந்தார். அந்த 1996 கட்டியக்காரரைத் தேடிப் பிடித்துப் போன வருஷம் போட்டுக் காட்டினேன். இப்போது ஆட்டம் விட்டுவிட்டார், வயல் வேலை. சைக்கிள் வசனம் வந்தபோது தொடையைத் தட்டிச் சிரித்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு கட்சித் தலைவரைப் பற்றி ஒரு வசனம் வருகிறது. அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. என் பெரிய பையன் இப்ப அந்தக் கட்சியில கிளைச் செயலாளர்ப்பா, அது வெளிய வேணாம் என்றார். அந்த வசனத்தை மட்டும் வெட்டிடட்டுமாண்ணே என்றேன். வெட்டுனா அது நானா என்றார்.

அதனால் முழுசாக வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர் வீட்டில் கொடுத்திருக்கிறேன். உறையில் இப்போது பென்சிலுக்குக் கீழே பேனாவில் 1996 ஏப்ரல் வாக்கில், கர்ண மோட்சம், மடியில் வைத்து எடுத்தது, இரண்டாம் பக்கம் 31ஆவது நிமிஷத்தில் ஒரு நாய் குரைக்கிறது என்று எழுதியிருக்கிறது.