மணல் மூடிய வயலை அவசரப்பட்டு வழிக்காதீர்கள்

2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்குள் புகுந்தது. தண்ணீர் எப்படியும் வடிந்துவிடும். அது வயலில் போட்டுவிட்டுப் போகிற மணல்தான் வடியாது.

வெள்ளம் வடிந்ததும் கை முதலில் ஜேசிபிக்காரருக்குத்தான் போன் போடும். கொஞ்சம் பொறுங்கள். பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிமுறைப்படி, மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்த நிலத்தைச் சீராக்க ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் உண்டு. ஆறு திசைமாறி நிலத்தையே கொண்டுபோயிருந்தால் 47,000. இரண்டும் சிறு, குறு விவசாயிகளுக்கு. மணல் படிவை அதிகாரி பார்த்துச் சான்று தர வேண்டும். வழித்துக் கொட்டிய பிறகு அவர் எதை அளப்பார்? மணலில் ஒரு குழி பறித்து, அடியில் பழைய கறுப்பு மண் தெரியும்வரை ஸ்கேலை இறக்குங்கள். பம்புசெட் கொட்டகையோ வரப்பு மரமோ பின்னால் தெரிகிற மாதிரி நாலு படம் எடுங்கள். மூன்று அங்குலம் என்பது ஏறக்குறைய ஓர் ஆள்காட்டி விரல் நீளம்தான்.

அந்த மணலை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்றும் தோன்றும். பட்டா நிலமே ஆனாலும் கனிமவளத் துறை அனுமதியில்லாமல் லாரியில் ஏற்றினால் வழக்கு உங்கள் மேல்தான்.

பயிருக்கு அதே விதிமுறையில் தனிக் கணக்கு. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். மாநில அரசு சில சமயம் கூட்டிக் கொடுக்கும். நெல்லுக்கு ஏக்கர் கணக்குப் போட்டால் ஏழாயிரம்கூடத் தேறாது. விதிமுறையிலேயே இதன் பெயர் இடுபொருள் மானியம். போன பயிரின் விலையை இதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இதிலும் பணம் எங்கே சிக்குகிறது என்றால், பயிர்ப் பதிவேடான அடங்கலில். பட்டா அண்ணன் பேரில், உழுவது தம்பி. அல்லது குத்தகை வெறும் வாய்ப்பேச்சு. அடங்கலில் போன வருடத்துப் பயிரே நிற்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடியாளர் பெயரையும் பயிரையும் நட்டவுடன் பதியச் சொல்லுங்கள். குத்தகையைப் பதிய 1969-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

பயிர்க் காப்பீடு வேறு வழி. அறுத்துக் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் நனைந்து கெட்டால், 72 மணி நேரத்துக்குள் 14447 உதவி எண்ணில் சொல்லியாக வேண்டும். பரவலான மகசூல் இழப்பு என்றால் கணக்கு உங்கள் வயலுக்கு இல்லை. கிராமத்தின் அல்லது பிர்காவின் சராசரி மகசூலுக்குத்தான். பக்கத்து மேட்டு வயல்கள் நன்றாக விளைந்திருந்தால் உங்களுக்குச் சல்லிக்காசு வராமலும் போகலாம். இந்த முறையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் பிரீமியம் கட்டும்போதே தெரிந்திருப்பது நல்லது.

நிவாரணக் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் புல எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நகல் கேளுங்கள். முப்பது நாளுக்குள் தர வேண்டும். அந்த நகலோடு மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.