எறும்பு வளர்க்க ஆசையா? முதல்ல தலை எண்ணுங்க!

ஹாஸ்டல்ல நாய் வளர்க்க முடியாது. பூனை தானா வரும், தானா போகும். மீன் தொட்டி வச்சா, செமஸ்டர் லீவுல யார் பார்த்துக்கிறதுன்னு பிரச்சினை. அதனாலயோ என்னவோ, யூடியூப்ல எறும்பு வளர்க்கிற வீடியோக்களைப் பார்த்துட்டு ரெண்டு மூணு ஜூனியர்ஸ் வந்து ஒரே கேள்வியைக் கேட்டாங்க: "அண்ணா, எந்த எறும்பு வாங்கினா நல்லது?"

இந்தக் கேள்வியிலேயே ரெண்டு தப்பு இருக்கு. 'எந்த எறும்பு'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி 'எத்தனை எறும்பு'ன்னு கேட்கணும். அப்புறம், 'வாங்கினா' என்ற வார்த்தையே வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

எத்தனை என்பதுதான் மேட்டர்

ஒரே ஒரு எறும்பை வளர்க்க முடியாது. நாம் வளர்ப்பது ஒரு குடும்பத்தை, அதாவது ஒரு காலனியை. அந்தக் காலனி முழுசா வளர்ந்தால் எவ்வளவு பெரிசாகும் என்பதைப் பொறுத்துத்தான் இடம், தீனி, தப்பிக்கும் ஆபத்து எல்லாமே.

திருத்தணியைச் சுற்றி மாந்தோப்புக்குள் போனவர்களுக்கு முசுறு தெரியும். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும், கடித்தால் உயிர் போகும். அதன் ஒரே காலனி பல மரங்களில் பரவி, லட்சக்கணக்கான எறும்புகள் வரை போகும். கட்டெறும்பு காலனி ஆயிரக்கணக்கில் வளரும். ஆனால் இதே நம்ம மண்ணில், ஒரு வகுப்பு மாணவர் எண்ணிக்கையைத் தாண்டாத காலனிகளும் உண்டு. அப்படி ரெண்டு எறும்புகள் முக்கியமானவை.

ராணி இல்லாத வீடு

முதலாவது, டயகம்மா. தென்னிந்தியாவில் பரவலாக இருக்கும் கறுப்பு எறும்பு. உடம்பில் மெல்லிய வரிவரியான கோடுகள் இருக்கும். சாரையாகப் போகாமல், தனித்தனியாக இரை தேடும். ஒரு காலனியில் சராசரியாக நூறு எறும்புதான் இருக்கும்.

இதில் ராணியே கிடையாது. எல்லாமே தொழிலாளிகள்தான். பிறக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மார்புப் பகுதியில் மொட்டு மாதிரி ரெண்டு சின்ன உறுப்புகள் இருக்கும். அவற்றுக்கு ஜெம்மா என்று பெயர். அவை உள்ள எறும்புதான் இணை சேர்ந்து முட்டையிட முடியும். அப்படி முட்டையிடும் ஒன்று, புதிதாகப் பிறக்கும் மற்ற எல்லாவற்றின் ஜெம்மாவையும் கடித்து எடுத்துவிடும். அதற்குப் பிறகு அவற்றுக்கு ஆயுசு முழுக்க வேலைதான்.

வீடு மாறும்போது இவை சாரையே போடுவதில்லை. வழி தெரிந்த எறும்பு ஒன்று, தெரியாத ஒன்றைப் பின்னால் தொட்டபடி வரவைத்து, ஒருத்தராக ஒருத்தராகக் கூட்டிக்கொண்டு போகும். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் இந்த எறும்பின் இடமாற்றத்தைப் பல வருடங்களாக ஆராய்கிறார்கள்.

குதிக்கும் எறும்பு

இரண்டாவது, ஹார்பெக்னதஸ் சால்டேட்டர். பெரிய கண், நீளமான தாடை. இரையைக் கண்ணால் பார்த்துக் குதித்துப் பிடிக்கும். நெல்லூரில் மருத்துவராக இருந்த ஜெர்டன் என்ற ஆங்கிலேயர், தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டு 1851-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் இது முதலில் பதிவானது. நெல்லூர் நமக்கு எல்லை தாண்டினால் வரும் ஊர்தான்.

இதன் காலனியும் பெரும்பாலும் நூறைத் தாண்டாது. இதில் ராணி உண்டு. அது செத்துப்போனால், தொழிலாளிகள் மீசைக்கொம்பால் ஒன்றையொன்று அடித்து நாள்கணக்கில் போட்டி போடும். ஜெயித்த சில எறும்புகள் முட்டையிட ஆரம்பிக்கும். ஏழு மாசம் போல வாழ வேண்டிய தொழிலாளி, இப்படி மாறினால் மூன்று, நான்கு வருடம்கூட வாழும். மாறும்போது மூளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். திரும்பத் தொழிலாளியாக மாற்றினால் மூளையும் பழைய அளவுக்கு வருகிறது என்று 2021-இல் வந்த ஆய்வு காட்டியது. உலகிலேயே முதலில் மரபணு வரிசை படிக்கப்பட்ட ரெண்டு எறும்புகளில் ஒன்று இது (2010).

சரி, அப்போ இதைப் பிடிச்சுடலாமா?

இங்கதான் சிக்கல். சின்ன காலனி நமக்கு வசதி, ஆனால் அந்த எறும்புக்கு ஆபத்து.

டயகம்மாவில் தனியாகப் பறந்து வரும் ராணி இல்லாததால், வளர்க்க வேண்டுமானால் மொத்தக் கூட்டையும் தோண்டித்தான் எடுக்கணும். ஒரு குடும்பமே காலி. தோண்டும்போது முட்டையிடும் அந்த ஒன்று தவறிவிட்டால், மிச்சம் இருப்பவை இடும் முட்டைகள் கருவுறாதவை. எறும்புகளில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் மட்டும்தான் பிறக்கும். ஆண் எறும்பு எந்த வேலையும் செய்யாது. ஆக, ஒன்றை இழந்தால் நூறும் வீண். சால்டேட்டரோ உயிருள்ள இரையைத்தான் தின்னும், நன்றாகக் கொட்டவும் செய்யும். அதன் கூடும் நிலத்துக்கடியில் நுணுக்கமாகக் கட்டப்பட்டது. உடைத்தால் உடைத்ததுதான்.

அதனால் முதல்முறை வளர்ப்பவர்களுக்கு என் ஓட்டு கட்டெறும்புக்கு. ஆயிரக்கணக்கில் வளருமே என்று கேட்கலாம். வளரும், ஆனால் மெதுவாக. முதல் வருடம் அதுவும் சின்ன குடும்பம்தான். முக்கியமாக, ஒரே ஒரு ராணியிலிருந்து தொடங்கலாம். மழைக்குப் பிறகு பறக்கும் ராணிகளில் பெரும்பாலானவை பல்லிக்கும் குருவிக்கும்தான் போகும். அதில் ஒன்றை எடுத்தால் எந்தக் குடும்பமும் அழியாது.

மழை விட்ட சாயங்காலம் விளக்கடியில் பாருங்க. ஈசலோடு குழப்பிக்க வேண்டாம். ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு இருக்காது. ராணி எறும்புக்கு இடுப்பு ஒடுங்கி இருக்கும், முன் இறக்கை பெரிசு, மீசைக்கொம்பு முழங்கை மாதிரி மடங்கும். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் நடப்பதை மட்டும் எடுங்கள். அது பெரும்பாலும் இணை சேர்ந்ததாக இருக்கும்.

ஒரு டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டான அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். முதல் பிள்ளைகள் வரும் வரை ராணி சாப்பிடாது; தன் இறக்கைத் தசையைக் கரைத்தே அவற்றை வளர்க்கும். பிள்ளைகள் வந்த பிறகு ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், ஒரு கொசு அல்லது கரப்பான் கால் போதும். தினமும் எடுத்துப் பார்த்தால் ராணி பயந்து தன் முட்டையையே தின்றுவிடும்.

ஏன் வாங்கக் கூடாது?

2025-இல் கென்யாவில் ரெண்டு பெல்ஜிய இளைஞர்கள் சுமார் 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்டார்கள். பஞ்சு அடைத்த குழாய்களில்தான் வைத்திருந்தார்கள். ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், இல்லையென்றால் 12 மாதம் சிறை என்று தீர்ப்பானது. நாம் ஆன்லைனில் தேடும் ஒவ்வொரு 'அபூர்வ ராணி'க்கும் பின்னால் இப்படி ஒரு கடத்தல் இருக்கலாம்.

ஒரு எறும்பு கட்டுக்கடங்காமல் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம மாநிலத்திலேயே சாட்சி இருக்கு. 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் பைத்தியக்கார எறும்புகள் பெருகின. ஆடு மாடுகளின் கண் பாதிக்கப்பட்டதாக விவசாயிகள் சொன்னார்கள். இந்த எறும்பின் ஒரு காலனியில் பல ராணிகள் இருக்கும், பக்கத்துக் கூடுகள் சண்டை போடாமல் ஒன்றாகிவிடும். எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை.

கடைசியா ஒரு கணக்கு. நம்ம படிப்பு நாலு வருடம். ராணி எறும்பு அதைவிட அதிகம் வாழலாம். ஆய்வகத்தில் வளர்ந்த ஒரு ஐரோப்பிய ராணி 28 வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. ஃபைனல் இயர் முடிஞ்சதும் அதை என்ன செய்யப் போறீங்க என்று இப்பவே யோசிங்க. ஊருக்குக் கொண்டுபோவீங்களா, ஜூனியரிடம் கொடுப்பீங்களா? பதில் இல்லை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையடிவாரத்தில் தனியாகப் போகும் ஒரு கறுப்பு எறும்பின் பின்னால் அரை மணி நேரம் நடந்து பாருங்க. அது எங்கே வீடு வச்சிருக்குன்னு தெரியும். தோண்டாமல் திரும்பி வந்தால், அடுத்த வாரமும் போய்ப் பார்க்கலாம்.