தரவுக்கலம்: பெருக்கமும் விரிவும்

மென்பொருள் கொள்கலன் நிலையற்றது. அது நீக்கப்படுகையில் அதனுள் எழுதிய தரவும் உடன் மறையும். ஆதலின் நிலைக்க வேண்டிய தரவைப் புறத்தே 'வால்யூம்' எனும் சேமிப்பிடத்தில் வைப்பர். இதனைக் 'கன அளவு' என்பது பொருந்தாது. அச்சொல் அளவையன்றி இடத்தைச் சுட்டாது. 'தரவுக்கலம்' என்பதே எம் பரிந்துரை.

கொள்கலன்களை மேலாளும் குபர்நெட்டீஸ் அமைப்பில், சேமிப்பு வகையில் முன்னரே இசைவு இருப்பின், 10 ஜிகாபைட் கலத்தை 20 ஆக உயர்த்தக் கோரலாம். ஆயினும் வட்டு பெருகுவது மட்டும் போதாது. அதன்மேல் அமைந்த கோப்பு முறைமையும் விரிதல் வேண்டும். ஆகவே முன்னதைப் 'பெருக்கம்' என்றும் பின்னதை 'விரிவு' என்றும் வேறுபடுத்துகிறோம். ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பின், முதற்படியிலேயே பணி முடிந்ததென மாணவர் மயங்குவர். பெருக்கிய கலத்தைச் சுருக்க அவ்வமைப்பு இடந்தராது. அளவு குறைய வேண்டுவோர் புதுக்கலம் அமைத்துத் தரவை அங்கு மாற்றுதல் வேண்டும்.