பாறை ஏன் சரிகிறது?

மூணாறிலிருந்து போடிக்குப் போகும் வழியில் கேப் ரோடு இருக்கிறது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறுபக்கம் பெரும் பள்ளம். சாலையை அகலமாக்க அங்கே பாறையை வெட்டினார்கள். 2019, 2020 ஆண்டுகளில் பாறைகள் பலமுறை சரிந்தன. சாலை அடைபட்டது.

பாறை உறுதியானது என்போமே! அது ஏன் சரிந்தது?

மலைப்பாறை முழுவதும் ஒரே கல் அல்ல. அதில் பல விரிசல்கள் உண்டு. விரிசல் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஆபத்து. மேல் கல் வழுக்கப் பார்க்கும். இரண்டு கல்லும் உரசி நிற்பதால்தான் அது விழாமல் இருக்கிறது. அடியில் வெட்டினால் முட்டுக்கல்லை எடுத்தது போல் ஆகும்.

ஒரு சோதனை செய்யுங்கள். பலகை மேல் செங்கல் வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். செங்கல் வழுக்குவதற்குச் சற்று முன் நிறுத்துங்கள். இப்போது பலகையைத் தட்டுங்கள். செங்கல் வழுக்கிவிடும். நிலநடுக்கமும் மலையை இப்படித்தான் தட்டுகிறது.

நம் பக்கம் நிலநடுக்கம் வருமா? வந்திருக்கிறது. 1900 பிப்ரவரி 8-இல் பாலக்காட்டை அடுத்த கோயம்புத்தூர்ப் பகுதியில் வந்தது. அளவு சுமார் 6. 2000 டிசம்பர் 12-இல் இடுக்கி, கோட்டயம் பக்கம் வந்தது. அளவு சுமார் 5.

மழை இன்னும் அடிக்கடி வரும் ஆபத்து. விரிசலில் தேங்கும் நீர் கல்லை வெளியே தள்ளும். அதனால்தான் மண்ணைத் தாங்கும் சுவரில் கொத்தனார் ஓட்டை விடுகிறார். நீர் வடிய வேண்டும். நிலநடுக்கத்தில் தளர்ந்த பாறையை அடுத்த பெருமழை தள்ளிவிடலாம்.

மழை மட்டுமே கூடப் போதும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணிலும் பாறையிலும் புதைந்தன. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். கரண்ட் இல்லை. போன் இல்லை. மறுநாள் விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

மலை சில நேரம் முன்பே அடையாளம் காட்டும்.

* தரையிலோ சுவரிலோ புது விரிசல் தெரியும்.
* மரமும் கம்பமும் சாயும்.
* கதவு திடீரென இறுகும்.
* சிறு கற்கள் உருளும்.
* ஊற்று நீர் கலங்கும். புது இடத்தில் நீர் கசியும்.

இவற்றைக் கண்டால் இருட்டும் வரை காத்திருக்க வேண்டாம். குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். ஓடை வழியே இறங்காதீர்கள். சரிவுக்குப் பக்கவாட்டில் விலகிப் போங்கள். பஞ்சாயத்துக்குச் சொல்லுங்கள். 112-க்குப் போன் செய்யுங்கள்.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு இருக்கிறதா? மழைக்காலத்துக்கு முன்பே நான்கு பேர் சேர்ந்து போய்ப் பாருங்கள். விரிசல் இருந்தால் அதன் அகலத்தை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் மீண்டும் அளங்கள். அகலம் கூடியிருந்தால் அந்தத் தாளோடு கிராம அலுவலகத்துக்குப் போங்கள். நாம் கற்ற எழுத்து உயிர் காக்கவும் உதவட்டும்.