மேவன் ஜேஎக்ஸ்ஆர் செருகுநிரல்

மேவன் ஜேஎக்ஸ்ஆர் செருகுநிரல் என்பது ஜாவா மொழியில் எழுதப்பட்ட மூல நிரலை, உலாவியில் படிக்கத்தக்க குறுக்குக் குறிப்புப் பக்கங்களாக மாற்றித்தரும் கட்டற்ற மென்பொருள் ஆகும். இது அப்பாச்சி மேவன் என்னும் கருவியுடன் இணைந்து இயங்குகின்றது. மூல நிரலைத் தொகுத்தல், சோதித்தல், பொதியாக்கல் ஆகியவற்றை வரிசையாக நிறைவேற்றுவது மேவனின் பணியாகும். மேவனின் முதலாம் பதிப்பு 2004 இலும் இரண்டாம் பதிப்பு 2005 இலும் வெளிவந்தன.

தேவை

பெரிய மென்பொருளொன்றில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஒரு கோப்பில் காணப்படும் பெயர் வேறொரு கோப்பில் வரையறுக்கப்பட்டிருக்கும். அதைத் தேடுவதிலேயே படிப்பவரின் நேரம் கழியும்.

இலக்கிய ஆய்வில் இத்தகைய தேடலுக்குச் சொல்லடைவு உதவுகின்றது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கான அடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. பதிப்பிக்கப்பட்ட நூலின் பாடம் மாறுவதில்லை. எனவே ஒருமுறை தொகுத்த அடைவு நீண்டகாலம் பயன்படும். மூல நிரலோ நாள்தோறும் திருத்தப்படுவது. ஒரு வரி சேர்ந்தாலும் அதற்குக் கீழுள்ள வரி எண்கள் அனைத்தும் மாறிவிடும். ஆகவே மேவன் இயங்கும்போதே குறுக்குக் குறிப்பையும் புதிதாக உருவாக்குவது பொருத்தமாகின்றது.

இயங்கும் முறை

செருகுநிரல் ஒவ்வொரு ஜாவா கோப்பையும் படித்து, அதற்கென ஓர் எச்.டி.எம்.எல் பக்கத்தை எழுதுகின்றது. அப்பக்கத்தில்:

* ஒவ்வொரு வரிக்கும் எண்ணும், அவ்வரியை நேரடியாகச் சுட்டும் இணைப்பும் இருக்கும்.
* சிறப்புச் சொற்கள், குறிப்புரைகள், சரங்கள் ஆகியன வெவ்வேறு நிறங்களில் தோன்றும்.
* அதே திட்டத்தைச் சேர்ந்த வகுப்புகளின் பெயர்கள், அவற்றின் பக்கங்களுக்கு மீயிணைப்புகளாக அமையும்.

எப்பெயர் எவ்வகுப்பைக் குறிக்கின்றது என்பதைக் கோப்பின் தொடக்கத்திலுள்ள இறக்குமதிக் கூற்றுகளைக் கொண்டு செருகுநிரல் கண்டறிகின்றது. சோதனை நிரல்களுக்குத் தனித் தொகுதி உருவாக்கப்படும்.

பயன்கள்

திட்டத்தின் பாம் கோப்பில், அறிக்கைகளுக்கான பகுதியில் இச்செருகுநிரலைக் குறிப்பிட்டால் போதுமானது. செக்ஸ்டைல், பிஎம்டி போன்ற நிரல் ஆய்வுக் கருவிகளின் அறிக்கைகளில் பிழை சுட்டப்படும் வரி எண்ணைச் சொடுக்கினால், மூல நிரலின் அதே வரிக்குச் செல்லலாம். பக்கங்கள் நிலையான கோப்புகளாதலால், இணைய இணைப்பு இல்லாத கணினியிலும் மாணவர்கள் அவற்றைப் படிக்க இயலும்.

வரம்புகள்

ஜேஎக்ஸ்ஆர் வகுப்புகளை மட்டுமே இணைக்கின்றது. செயற்கூறுகளையும் மாறிகளையும் இணைப்பதில்லை. ஒரு பெயர் எங்கெல்லாம் ஆளப்பட்டுள்ளது என்பதைச் சொல்லடைவைப் போலப் பட்டியலிடுவதும் இல்லை. அதற்கு, லினக்சு கருனியைப் படிப்பதற்காக நோர்வேயின் ஒசுலோ பல்கலைக்கழகத்தில் தோன்றிய எல்எக்ஸ்ஆர், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய ஓப்பன்குரோக் போன்ற கருவிகள் பயன்படுகின்றன. அவற்றை இயக்க வழங்கி தேவைப்படும்.

இப்பக்கங்களில் மூல நிரல் முழுமையாக இடம்பெறும். எனவே மூடிய மென்பொருள் திட்டங்கள் தமது திட்டத் தளத்தைப் பொதுவில் வெளியிடுமுன் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.