நண்பர் பலியானார், 7,700 பேர் பிழைத்தார்கள்!

லண்டன் அருகே டென்ஹாமில் ஒரு குடும்பக் கம்பெனி. பெயர் மார்ட்டின்-பேக்கர். தயாரிப்பது நாற்காலி. சும்மா நாற்காலி அல்ல. ஆபத்து வந்தால் போர் விமானியை அப்படியே தூக்கி வெளியே எறிந்து விடும்!

என்ஜினீயர் ஜேம்ஸ் மார்ட்டினும் விமானி கேப்டன் பேக்கரும் 1934-ல் கூட்டு சேர்ந்து விமானம் கட்டினார்கள். 12-9-1942 அன்று புது விமானத்தை பேக்கர் ஓட்டிப் பார்த்தார். கிளம்பியதுமே என்ஜின் மக்கர் செய்தது. விமானம் விழுந்து நொறுங்கியது. பேக்கர் பலியானார்.

மார்ட்டின் இடிந்து போனார். அன்று முதல் விமானிகளின் உயிரைக் காப்பதே அவருக்குக் கவலை.

"நான் ரெடி"

நாற்காலியின் பின்னால் வெடிமருந்துக் குழாய். பிடியை இழுத்தால் 'டுமீல்'! சரி, யார் உட்காருவது? கம்பெனியில் பிட்டராக இருந்த பெர்னார்டு லிஞ்ச் துணிந்தார். 24-7-1946 அன்று 8 ஆயிரம் அடி உயரம், மணிக்கு 320 மைல் வேகம். வெளியே வீசப்பட்டவர் பாராசூட்டில் பத்திரமாக இறங்கினார். ஒரு தொழிலாளி துணிந்து செய்து காட்டினார்!

1949 மே 30-ந் தேதி, சோதனை விமானம் ஒன்று ஆட்டம் கண்டபோது, ஜோ லங்காஸ்டர் என்ற விமானி இந்த நாற்காலியால் நிஜமாகவே உயிர் தப்பினார்.

1981-ல் மார்ட்டின் காலமானார். கம்பெனி வேறு கைக்குப் போகவில்லை. இரட்டைப் பிள்ளைகள் ஏற்று நடத்தினார்கள். இதுவரை பிழைத்தவர்கள் 7,700 பேருக்கு மேல்.

உயிர் தப்பியவர்களுக்கு என்று 1957 முதல் ஒரு கிளப் உண்டு. அவர்களுக்கு மட்டும் தனி 'டை' தருகிறார்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் மற்றவர்களுக்குக் கிடைக்காது.